நிஜ தூரமாம், நிஜ தூரம்!

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட குதிரைப் போட்டிப் படத்துக்குக் கீழே வந்த அந்தக் கமெண்டைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், போட்டவரே அழித்துவிட்டார். அழிப்பதற்குள் அதற்கு விழுந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணிவிட்டேன். பதினான்கு. அதில் மூன்று பேர் எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்கள்.

"அழகான படம். நிஜ தூரம் எப்போது?"

இவ்வளவுதான் கமெண்ட். இதற்கா இவ்வளவு கோபம் என்பீர்கள். கோபமெல்லாம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். நிஜ தூரம் வேறு எங்கோ இருக்கிறதென்றால், சனிக்கிழமை நானும் என் குதிரை செவலையும் போய்வந்த 25 மைல் என்ன தூரம்? அட்டையில் செய்த மலையா? அவன் உடம்பில் உப்புப் பூத்திருந்ததே, அது கோலமாவா?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அமெரிக்காவில் குதிரை எண்டியூரன்ஸ், அதாவது நெடுந்தூரக் குதிரைப் போட்டி, ஏஇஆர்சி (அமெரிக்கன் எண்டியூரன்ஸ் ரைட் கான்ஃபரன்ஸ்) அமைப்பின் விதிப்படி நடக்கிறது. 25 முதல் 35 மைல் வரை 'லிமிட்டெட் டிஸ்டன்ஸ்', குறைந்த தூரப் பிரிவு. 50 மைலும் அதற்கு மேலும்தான் 'எண்டியூரன்ஸ்'. கமெண்ட் போட்டவர் நிஜ தூரம் என்றது இதைத்தான். இரண்டின் மைல் கணக்கையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். 25 மைலுக்கு 6 மணி நேரம், 50க்கு 12, 100க்கு 24. வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் மணிக்கு நாலு மைல் சொச்சம்தான் வருகிறது. எங்களுக்கென்று யாரும் கடிகாரத்தை மெதுவாக ஓட்டவில்லை.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். 50 மைலில் கோட்டைத் தாண்டியதும் உங்கள் நேரம் நின்றுவிடும். அரை மணிக்குள் குதிரையின் பல்ஸ் சொன்ன அளவுக்கு இறங்க வேண்டும், கால்நடை டாக்டர் சரி சொல்ல வேண்டும். ஆனால் யார் முதலில் வந்தார் என்பது கோட்டிலேயே முடிந்த கதை. எங்கள் 'பொய்த் தூரத்தில்' அப்படியில்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குதிரையின் பல்ஸ் நிமிடத்துக்கு 60க்கு இறங்கினால்தான் நிற்கும். அதாவது நான் வந்து சேர்ந்தால் போதாது, செவலையின் நெஞ்சும் வந்து சேர வேண்டும்.

சனிக்கிழமை நடந்ததும் இதுதான். எனக்கு முன்னால் இரண்டு பேர் நாலுகால் பாய்ச்சலில் உள்ளே போனார்கள். நான் கடைசி ஒரு மைலுக்கு இறங்கி, சேணத்தின் வாரைத் தளர்த்திவிட்டு, அவன் பக்கத்தில் நடந்தே வந்தேன். பார்த்தவர்கள் எனக்கு முட்டிவலி என்று நினைத்திருப்பார்கள். (முட்டிவலியும் இருந்தது, அது வேறு.) உள்ளே போனால் அந்த இருவரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு குதிரைக்கு 72, இன்னொன்றுக்கு 68. செவலைக்கு வந்ததும் 56. அப்புறம் டாக்டர் அவன் ஈறுகளை அழுத்திப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், வயிற்றில் இரைச்சல் கேட்கிறதா என்று ஸ்டெதஸ்கோப் வைத்தார், கயிற்றைப் பிடித்து ஓட விட்டுப் பார்த்தார். ஆறாவதாக வந்தோம். நீங்கள் சிரித்தது அந்தப் படத்துக்குத்தான்.

"25 மைலில்தான் பக்குவப்படாத குதிரைகளைக் கண்டபடி விரட்டுகிறார்கள்" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். விரட்டுகிறவர்கள் உண்டு. எங்கேதான் இல்லை? விடுங்கள்.

"நான்கு வயதுக் குதிரைக்கே அனுமதி உண்டு, 50க்கு ஐந்து வயது ஆக வேண்டும், அப்படியானால் இது பயிற்சிதானே?" என்று இன்னொருவர். செவலைக்கு 17 வயது ஐயா. எனக்கு 49. இரண்டு பேரும் இனி எதற்குப் பயிற்சி எடுக்கப் போகிறோம்?

100 மைல்காரர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்தால் என்னை உங்களுக்குத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் ஆபர்ன் ஊரில் முடியும் டெவிஸ் (Tevis) கோப்பைக் குதிரைப் போட்டியில் ஓர் இரவு முழுக்கத் தொண்டராக நின்றிருக்கிறேன். 1955இல் வெண்டெல் ராபி தொடங்கியது. டாஹோ ஏரிப் பக்கமிருந்து சியெரா மலையைத் தாண்டி ஒரே நாளில் 100 மைல். பௌர்ணமியை ஒட்டித்தான் பெரும்பாலும் வைப்பார்கள், இரவில் பள்ளத்தாக்கு விளிம்பில் குதிரைக்குத் தடம் தெரிய வேண்டுமே. புறப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடிப்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பெண்மணி குதிரையை விட்டு இறங்கியதும் முதலில் அதன் வாயில் வைக்கோலைத் திணித்தார். தண்ணீர் பாட்டிலை நான் நீட்டிக்கொண்டே நிற்கிறேன், அவர் பார்க்கவே இல்லை. அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் ஒன்று. அந்த இரவு முழுவதும் யாரும் என்னிடம் நிஜ தூரம் பற்றிப் பேசவில்லை. உண்மையிலேயே 100 ஓட்டியவர்கள் அப்படிக் கேட்பதில்லை, நான் பார்த்தவரைக்கும்.

தூரத்தைக் கும்பிடுகிறவர்களுக்கு டிரையான் ஞாபகம் இருக்கிறதா? 2018, வட கரோலினா, உலகக் குதிரையேற்றப் போட்டி. 160 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 100 மைல் என்று ஆரம்பித்து, புறப்பாட்டிலேயே குளறுபடியாகி, 120 என்று குறைத்து மறுபடி தொடங்கி, கடைசியில் வெக்கையும் புழுக்கமும் தாங்காமல் பாதியில் ரத்து செய்தார்கள். உலகப் போட்டியிலேயே தூரத்தை வெட்டத்தான் வேண்டியிருந்தது. குதிரைக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. 25 மைலா 100 மைலா என்பது அப்புறம்.

எங்கள் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம் வைப்பார்கள். என் மாமாவிடம் இருந்தது பூஞ்சிட்டு ஜோடிதான். அவர் ஜெயித்து வந்த அன்று தெருவே கூடி மாலை போட்டது. "நிஜ மாடு எப்போது வாங்குவீர்கள்?" என்று ஒரு பயல் கேட்டிருந்தால் அங்கேயே சாட்டையால் வாங்கியிருப்பான்.

சரி, நான் ஏன் 50 ஓட்டவில்லை என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்? ஓட்டினேன். மூன்று வருடத்துக்கு முன்னால். இதுவரை எங்கும் எழுதவில்லை. 37வது மைலில் வெட் செக், கால்நடை டாக்டரின் பரிசோதனை. ஓட விட்டுப் பார்க்கும்போது செவலை முன்னங்காலை லேசாக நொண்டினான். அதற்கு முந்தைய இரண்டு மைலில் எனக்கே சந்தேகம் வந்தது. இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இன்னும் 13 மைல்தானே, ஒரு 50 என் பெயரில் இருக்கட்டுமே என்று ஓட்டினேன். டிரெய்லரில் ஏற்றி முகாமுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் ஒரு காலைத் தூக்கியே வைத்திருந்தான். மூன்று மாதம் அவன் மேல் நான் ஏறவில்லை. தினமும் போய்க் காலுக்குத் தண்ணீர் பீய்ச்சிவிட்டு வருவேன். நிஜ தூரம் என்றால் எனக்கு அந்த இரண்டு மைல்தான் ஞாபகம் வருகிறது.

42 வயதில் முதல்முறையாகக் குதிரை ஏறியவள் நான். முகாமில் பல வருடம் என்னை யாருக்கோ தண்ணீர் தூக்க வந்தவள் என்றே நினைத்தார்கள். அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிட்டேன். நம் ஆட்கள் சிரித்தபோதுதான் முடியவில்லை. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் வருடா வருடம் அரை மாரத்தான் ஓடி, பதக்கத்தைக் கடித்தபடி படம் போடுகிறவர். ஐந்து வருடமாக ஹார்ட் போடுகிறேன் தம்பி உனக்கு. நிஜ மாரத்தான் எப்போது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா?

யாரையும் பிளாக் செய்யவில்லை. பொங்கலுக்கும் வழக்கம்போல வரலாம். அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், 25 மைல்தான். படமும் போடுவேன்.