அந்த 63,246 கோடி யார் கணக்கில்?

எங்கள் ஏரியா ஆற்காடு சாலை. மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டால் மகளின் வகுப்பை வைத்துத்தான் சொல்வேன். ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தபோது வைத்தார்கள், அவள் அஞ்சாம் வகுப்புக்குப் போனபிறகும் அதே தகரத்தை ஒட்டித்தான் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருத்தன், "தலைக்கு மேல ஓடுற பாலம் பூரா டெல்லி காசு மச்சான்" என்பான். இன்னொருத்தன், "ஒத்தப் பைசா தரலடா அவங்க" என்பான். டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. இருவர் சொல்வதும் பாதி உண்மை என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம்: மூன்று வழித்தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அமித் ஷா சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரியில் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் தொகையோடு அறிவித்தார். ஆனால் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர் 3-ஆம் தேதி. நடுவில் ஏறக்குறைய நாலு வருஷம். அதுவரை இது மாநிலத் திட்டமாகவே நடந்தது. செலவில் 90 சதவீதம் மாநிலத்தின் பொறுப்பு, நிலம் முதலியவற்றைக் கழித்த செலவில் 10 சதவீதம் மட்டும் ஒன்றிய அரசுடையது. ஜப்பான் அரசின் கடன் நிறுவனமான ஜைக்காவிடமும் ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றிடமும் வாங்கும் கடன் தமிழ்நாட்டின் தலையில் ஏறியது. ஒரு மாநிலம் வருஷத்துக்கு இவ்வளவுதான் கடன் வாங்கலாம் என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பில் மெட்ரோவும் கைவைத்தால் குடிநீர்த் திட்டத்துக்கும் சாலைக்கும் எடுக்க வேண்டிய இடம் அந்த அளவுக்குக் குறையும். சண்டையின் உயிர்நாடி இதுதான். மேடையில் இதை விளக்கினால் கைதட்டு விழாது என்பதால் "வஞ்சனை", "பொய்" என்ற இரண்டு சொல்லிலேயே ஓட்டினார்கள்.

ஒப்புதல் வந்த அன்று, செலவில் 65 சதவீதத்தை ஒன்றிய அரசு ஏற்கிறது என்று செய்தி. முதல் நண்பன் அன்று டீக்கு அவனே காசு கொடுத்தான். உள்ளே என்ன இருந்தது? 33,593 கோடி கடன், பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனுமாக (மற்ற கடனை அடைத்தபிறகு கட்டினால் போதும் என்ற கடன்) 7,425 கோடி. அதாவது அந்த 65 சதவீதத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கடன். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியது மெட்ரோ நிறுவனம். அதால் முடியாவிட்டால் கைகொடுக்க வேண்டியது மாநில அரசு. ஆக, பணம் சும்மா வரவில்லை, கடன் எழுதும் நோட்டு மாநிலத்திடமிருந்து ஒன்றியத்துக்கு மாறியது. அதற்காக அதை அற்பம் என்றும் சொல்ல மாட்டேன். நோட்டு மாறியதால் மாநிலத்துக்கு 33,593 கோடி வரை வேறு வேலைக்குக் கடன் எடுக்க இடம் கிடைத்தது. இதை நாலு வருஷம் முன்பே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, கிடைத்த இடத்தை என்ன செய்கிறோம்? இதை நம் பக்கத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் அன்றைய அதிமுக அரசின் நிதியமைச்சர் ஓபிஎஸ் இடைக்கால பட்ஜெட் வாசித்தார். 2022 மார்ச் முடிவில் கடன் 5.70 லட்சம் கோடி ஆகும் என்று அதில் இருந்தது. திமுக அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆட்சிக்கு வந்ததும் ஆகஸ்ட்டில் திமுக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வைத்தார். ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்ற கணக்கு வீட்டுக்கு வீடு பேச்சானது. பிறகு 2025-26 பட்ஜெட்டில், அவருக்குப் பின் நிதியமைச்சரான தங்கம் தென்னரசு சொன்ன மதிப்பீடு: 2026 மார்ச் முடிவில் 9.29 லட்சம் கோடிக்கு மேல். இந்த முறை அதே கணக்கை அதிமுக தலைக்கு இத்தனை என்று வகுத்துக்கொண்டிருந்தது. உரை ஒன்றுதான், உட்காரும் வரிசைதான் மாறுகிறது. பொருளாதாரம் வளரும்போது கடன் தொகையும் வளரத்தான் செய்யும். மாநில உற்பத்தியில் அது 26 சதவீதம்தான் என்று அரசு சொன்னதிலும் நியாயம் உண்டு.

எனக்கு உறுத்துவது வேறு. அதே 2025-26 மதிப்பீட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி அடைக்க வேண்டிய மொத்தத் துண்டு, 1,06,963 கோடி. அதில் அன்றாடச் செலவுக்கே வரவு போதாத வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அப்படியென்றால் வாங்கும் நூறு ரூபாய் கடனில் 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே போகிறது. சாலை, பாலம், கட்டடம் என்ற மூலதனச் செலவு 57,231 கோடி. வட்டி மட்டும் சுமார் 70 ஆயிரம் கோடி. கட்டுவதற்குப் போவதைவிட வட்டிக்குப் போவது அதிகம். 2013-14 முதல் நம் மாநிலம் வருவாய்ப் பற்றாக்குறையில்தான் ஓடுகிறது. இரண்டு கட்சிக்கும் இதில் பங்கு உண்டு.

உடனே "இலவசத்தை நிறுத்து" என்று கமெண்ட் போட வருபவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு அந்த ஆண்டு ஒதுக்கியது 13,807 கோடி. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அந்த ஆயிரத்தில் சிலிண்டர் வாங்குகிறார், அதை நான் வீண் என்று எழுத மாட்டேன். டீச்சர் சம்பளமும் நர்ஸ் சம்பளமும் கணக்குப்படி வருவாய்ச் செலவுதான். அதே நேரம், ஆறு மாசத்தில் பல்லிளிக்கும் தார்ச்சாலை மூலதனச் செலவில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

வரவுப் பக்கம் கை கட்டப்பட்டிருப்பதும் நிஜம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபிறகு மாநிலம் தானாக ஏற்றி இறக்க மிச்சமிருப்பது பெட்ரோல், மது, பத்திரப்பதிவு, வண்டி வரி போலச் சில. ஒன்றிய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. அந்தப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு ஒன்பதாம் நிதிக்குழு காலத்தில் 7.931 சதவீதம், பதினைந்தாம் நிதிக்குழுவில் 4.079. செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் ஒன்றிய அரசு கூடுதலாக வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. முதல் நண்பனிடம் இதைச் சொன்னால் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவான். வருவாய்ப் பற்றாக்குறையை எடுத்தால் இரண்டாமவன் மாற்றுவான்.

2025 நவம்பரில் மதுரை, கோவை மெட்ரோ திட்ட அறிக்கைகளை டெல்லி திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் இந்த ஊர்களுக்கு அது இல்லை என்றார்கள். அதே கணக்கெடுப்பில் ஆக்ராவுக்கும் போபாலுக்கும் கூட இல்லை, அங்கே மெட்ரோ வந்துவிட்டது. அன்று ராத்திரி மதுரையிலிருந்து மாமா போன் செய்தார். ஆற்காடு சாலைத் தகரம், புழுதி, பணிமனைக்குப் போன என் வண்டி என்று நான் புலம்பிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாப்ள, ஒங்க ஊர்ல தோண்டின குழிக்குக் கடன் யார் பேர்லங்கிறதுதான் சண்டை. எங்களுக்குக் குழியே தோண்டலயேப்பா."