சிபிடி என்பது ‘நல்லதையே நினை’ என்று சொல்வதா?

சிபிடி (CBT, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்பது பேச்சும் பயிற்சியுமாக நடக்கும் ஒரு மனநலச் சிகிச்சை. ‘சிபிடி என்றால் கெட்ட எண்ணத்தை விரட்டி நல்லதையே நினைக்கப் பழகுவதுதான்’ என்றொரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய இந்தச் சிகிச்சை, எண்ணத்தை விரட்டுவதில்லை, சோதித்துப் பார்க்கிறது.

திடீர் பீதி வருபவருக்கு நெஞ்சு படபடத்ததுமே ‘மாரடைப்பு’ என்று தோன்றும். அதை எத்தனை சதவீதம் நம்புகிறார் என்று முதலில் எழுதச் சொல்வார்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்திருந்தால், சிகிச்சையாளர் முன்னிலையில் ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். அதே படபடப்பு வரும், தானாகவே அடங்கும். 80 என்று எழுதிய கை 30 என்று திருத்துவது இப்படித்தான்.

பதற்றத்துக்கான மாத்திரையைக் கையில் இறுக்கிக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் பலன் குறையும்: ‘இது இருந்ததால்தான் பிழைத்தேன்’ என்று மனம் கணக்குப் போட்டுவிடும். பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள். இடையே வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளும் உண்டு. மருந்து எடுப்பவர் தானாக அதை நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.