கதவு ஓரத்தில் கண்ணாடிப் பளபளப்பு ஒரிஜினல் இல்லை

'பழைய அம்பாசிடரின் கதவைத் திறந்தால் தெரியும் உட்சட்டம் கம்பெனியிலேயே கண்ணாடி போல மின்னும், அதனால் கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) அடித்துப் பாலிஷ் போட்டால்தான் ஒரிஜினல்' என்று மேலே தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு.

எழுபதுகளின் அம்பாசிடருக்குக் கிளியரே கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில்தான். மறைவான மூலையில் துணியால் கம்பவுண்டு (பெயிண்டைத் தேய்க்கும் பசை) போட்டுத் தேய்த்துப் பாருங்கள். கிளியர் இல்லையென்றால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும்.

கதவு ஓரத்தை அன்று யாரும் உட்கார்ந்து தேய்க்கவில்லை. பெயிண்ட் மெல்லிசாக, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக விழுந்திருக்கும். தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த ஸ்பாட் வெல்டு குழிகளும், இணைப்பை அடைக்கச் சீலர் பூசிய தடமும் பெயிண்டுக்கு அடியில் தெரியும். நம் ஆட்கள் முதலில் செய்வதே அந்தக் குழிகளில் பட்டி போட்டு மூடுவதுதான்! கதவு ஓரத்து ரப்பர் பட்டையை (பீடிங்) ஒரு சாண் கழற்றினால் வெயில் படாத பழைய நிறமும் மினுமினுப்பும் அப்படியே இருக்கும். மாதிரிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் தேவைப்படாத பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் மெல்லிசாக இரண்டு கை போதும், அப்புறம் பாலிஷ் வேண்டாம்.

தொண்டி, மண்டபம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பெயிண்ட் அடைத்துவிடக் கூடாது. உப்புக்காற்றில் உள்ளே ஈரம் தேங்கினால், வெளியே குமிழ் தெரிவதற்குள் தகடு உள்ளிருந்து அரித்திருக்கும்.