சத்தம் இருந்தால்தான் விசேஷமா?

எங்கள் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்தில் காது இரைகிறது என்று யாராவது சொன்னால் உடனே வரும் பதில், உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்பதுதான். இன்னும் சிலர் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதிலேயே விடச் சொல்வார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. காது இரையும் இளைஞர்கள் பலரிடம் தொழிலையும் பழக்கத்தையும் விசாரித்துப் பாருங்கள். சூடு எங்கேயும் இருக்காது, சத்தம்தான் இருக்கும்.

உட்காதில் நத்தைச் சுருள் என்ற பகுதியில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை இவை. ஓரளவு சத்தத்தில் தளர்ந்தால், காற்றில் சாய்ந்த பயிர் நிமிர்வதுபோல மீண்டுவிடும். விசேஷ வீட்டிலிருந்து வந்த இரவு ஙொய்யென்று கேட்டு மறுநாள் அடங்குவது அதனால்தான். திரும்பத் திரும்ப அடிவாங்கினால் செத்துப்போகும். செத்தது மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் பங்குக்கு உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. இல்லாத ஒலி கேட்பதற்கு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம் இது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். 100 டெசிபலுக்கு 20 நிமிடம். மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்வரிசையில், தாத்தா பாட்டியையும் கைக்குழந்தையையும் உட்கார வைக்கிறோமே, அந்த 20 நிமிடம் தாலி கட்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

தவில் வித்வான்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு தவிலின் வலப்பக்கமான வலந்தலையை அடிக்கிறார், இடக்கையில் கழி. அந்த ஒலி முதலில் போய்ச் சேருவது அவர் காதுக்கும், பக்கத்தில் நாகஸ்வரம் வாசிப்பவர் காதுக்கும்தான். ஸ்வரத்தை நம்பிப் பிழைப்பவருக்குக் காதுதான் மூலதனம். சுருதி கெடாமல் ஒலியை மட்டும் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்கள் இன்று கிடைக்கின்றன. பொன்னாடை போர்த்துகிற விழாக் குழுக்கள் அதோடு ஒரு ஜோடியையும் வாங்கிக் கொடுத்தால் என்ன?

சம்பா அறுவடைக்கு வரும் இயந்திர ஓட்டுநர்களும் அப்படியே. கூண்டில்லாத வண்டியில் காலை முதல் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இயந்திரத்தை அணைத்த பிறகும் உரக்கத்தான் பேசுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பஞ்சு போதவே போதாது. விரலால் உருட்டி உள்ளே விட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும் நுரை அடைப்பான் விலை மிகக் குறைவு. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் உரிமையாளர்தான் அதை வாங்கித் தர வேண்டும். ஓட்டுநரின் கூலியிலிருந்து அல்ல.

எல்லா இரைச்சலும் சத்தத்தால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குரும்பி அடைத்தாலே காது இரையும். அதைப் பட்ஸாலும் ஹேர்பின்னாலும் குடைந்து இன்னும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். வயது, நடுக்காதுத் தொற்று, தாடை மூட்டுக் கோளாறு என்று காரணங்கள் பல. அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி, சில புற்றுநோய் மருந்துகளும் காதைப் பாதிக்கும். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய இரைச்சலை முழுவதும் போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால் கேட்புக் கருவி, மெல்லிய பின்னணி ஒலி, மனநல ஆலோசனை ஆகியவற்றால் அதன் தொல்லையைக் குறைக்க முடியும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல், கூடவே தலைசுற்றல் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் எண்ணெய்ச் சட்டியைத் தேடாமல் அன்றைக்கே கிளம்புங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் கேட்புத்திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. வாரக்கணக்கில் கைவைத்தியம் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கைநழுவிப் போயிருக்கும்.