காட்டில் இருப்பவர்களுக்கு என்ன கவலையா?

போன வாரம் செந்தூலில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில், தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவங்களுக்கென்னம்மா கவலை, காடு, ஆறுன்னு நிம்மதியா இருக்காங்க" என்றார் ஒரு மாமா. பெரியவர் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு ஆறவில்லை.

மாமா, எந்தக் காடு? 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அவர்கள் நிலம் பறிபோனால் கட்டாயம் நஷ்டஈடு என்று அது சொல்வது பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும்தான். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995இல் டெங்கில் பக்கம் வெளியேற்றப்பட்ட தெமுவான் என்ற ஒராங் அஸ்லி இன மக்கள், சாகோங் தாசி என்பவர் முன்னின்று போட்ட வழக்கில்தான், மண்ணுக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் தீர்ப்பு வாங்கினார்கள். அந்த 7 வருடம் அந்த வீட்டுப் பெண்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? கிழங்கு நட்ட இடம், மூலிகை பறித்த இடம் எல்லாம் ரோடாகிப் போன பிறகு.

எங்கள் அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்று எங்களை பிளாட்டுக்கு அனுப்பியதிலிருந்து, "தலை வலிக்குது" என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. கிளினிக்கில் பெனடோல் கொடுத்தார்கள். மனசு சரியில்லை என்று வாய் திறந்தாலே மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் பேரைச் சொல்லி, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று கிண்டல் செய்கிற ஊராச்சே, அவர் எப்படிச் சொல்வார்?

2015இல் குவா மூசாங் பக்கம், தண்டனைக்குப் பயந்து பள்ளி விடுதியிலிருந்து காட்டுக்குள் ஓடிய, தெமியார் என்ற ஒராங் அஸ்லி இனத்துப் பிள்ளைகள் 7 பேரை நினைவிருக்கிறதா? ஏறக்குறைய 7 வாரம் கழித்து உயிரோடு கிடைத்தது 2 சிறுமிகள்தான். யார் தப்பு என்று ஊரெல்லாம் பேசியது, நானும் பேசினேன். அந்தத் தாய்மார்களின் மனசைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேனா என்றால் இல்லை.

இப்போது 15555 என்று மனநல உதவி எண் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் சிக்னலே இல்லாத உள்காட்டுக் கிராமத்தில், துக்கத்தைத் தெமியார் மொழியில் மட்டுமே சொல்லத் தெரிந்த பாட்டிக்கு அது எதற்கு ஆகும்? ஒருவருக்கு உடம்போ மனசோ சரியில்லை என்றால் இரவெல்லாம் ஊரே கூடிப் பாடும் செவாங் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஊரைக் கலைத்துவிட்டுக் கவுன்சிலரை அனுப்புவது என்ன நியாயம்? முதலில் அவர்கள் நிலத்தை அவர்களிடமே விடுங்கள். அப்புறம் அவர்கள் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் அரிசிப் பையோடு அந்தக் கிராமங்களுக்குப் போகும் நம் சங்கத்துக்காரர்களே, போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். அந்த அக்காமார்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அம்மாவிடம் நான் அதைக் கேட்கவே 11 வருடம் ஆனது.