இசைப்பள்ளியின் கதவு 1975-க்கு முன்பே திறந்தது
எல்லோருக்குமான இசைப்பள்ளி என்ற எண்ணமே 1975-ல் வெனிசுவேலாவில் ஹொசே அன்டோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமா என்ற இலவச இசைக் கல்வித் திட்டத்தில்தான் பிறந்தது என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்க நகரங்களில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகளில் இது நடந்திருக்கிறது. சிகாகோவில் குடியேறிகளுக்கு உதவிய ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லத்தில் 1893-ல் எலினோர் ஸ்மித் இசைப்பள்ளி தொடங்கினார், நியூயார்க்கில் 1894-ல் எமிலி வாக்னர். பிலடெல்பியாவில் 1908-ல் தொடங்கிய செட்டில்மென்ட் இசைப்பள்ளியில் அப்போது பியானோ பாடத்துக்கு 5 சென்ட்தான். அப்ரேயுவின் பெருமை வேறு: தனிப்பாடத்தில் தேறட்டும் என்று காத்திராமல் பிள்ளைகளை ஆரம்பத்திலேயே ஆர்கெஸ்ட்ராவில் உட்கார வைத்தார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், கட்டணத்தை எடுத்துவிட்டால் போதும் என்கிறார். போதவே போதாது. வீட்டில் பியானோ இல்லாத குழந்தைக்கு வாரம் அரை மணி நேரப் பாடம் மட்டும் கிடைத்தால் அடுத்த வாரத்துக்குள் விரல் மறந்துவிடும். பாடம் இல்லாத நேரத்திலும் பள்ளி அறையைத் திறந்து, முறை வைத்துப் பயிற்சிக்கு விட வேண்டும். வயலினில் சிக்கல் இன்னும் கூடுதல். வளர்கிற பிள்ளைக்கு கால், அரை, முக்கால் என்று அளவு மாறிக்கொண்டே போகும். அளவு சரிதானா என்று பார்க்க, தோளில் வைத்து இடது கையை நீட்டினால் வயலினின் சுருள் தலை உள்ளங்கையில் உட்கார வேண்டும், விரல்கள் அதைச் சுற்றி மடங்க வேண்டும். நன்கொடையாக வந்ததே என்று பெரிய வயலினைக் கொடுத்தால் மணிக்கட்டு மடிந்துபோகும், சுண்டுவிரல் எட்டாமல் சுருதி இறங்கும். தனக்குச் சுருதி பிடிக்கும் காது இல்லை என்று எண்ணிப் பிள்ளையே விலகிவிடும். அதனால் எல்லா அளவிலும் கருவிகளை வைத்து, மாற்றி மாற்றி இரவல் தருகிற பள்ளியில்தான் கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது.