கேஸ் மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு

மருந்துக்கடையில் நிற்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கேட்கிற குரல் பெரும்பாலும் இதுதான்: “தம்பி, அந்த கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுப்பா.” பான்டோபிரசோலைத்தான் சொல்கிறார்கள். டாக்டர் சீட்டு கேட்டால் கோபம் வருகிறது. வெறும் வயிற்றில் போட வேண்டியதை, சிலர் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கல்லாவிலேயே பிரித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.

அது கேஸுக்கான மாத்திரையே இல்லை. இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கிற மருந்து. நீங்கள் சொல்கிற கேஸில் பெரும்பகுதி உண்டாவது பெருங்குடலில். சாப்பாட்டோடு வருகிற கிருமிகளைக் கொல்வதும் அந்த அமிலம்தான். அதை வருடக்கணக்கில் அடக்கிவைத்தால் குடல் தொற்றும் வைட்டமின் பி12 குறைபாடும் வர வாய்ப்பு கூடுகிறது. அல்சருக்கோ, இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரினோடு சேர்த்தோ டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குடலைச் சரிசெய்ய வேண்டிய இடம் சாப்பாட்டுத் தட்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரை சாப்பிடச் சொல்கிறது. நம் வீடுகளில் சோறு குவிந்து கிடக்கும், பொரியல் ஒரு கரண்டி ஓரத்தில் இருக்கும். அதிலும் அம்மாக்களின் தட்டுக்கு வருவது சட்டியில் ஒட்டியிருக்கிற மிச்சம். வெள்ளை அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூடத் தேறாது. கம்பில் 11 கிராம், கொண்டைக்கடலையில் 25 கிராம். இந்த நாரை நம்மால் செரிக்க முடியாது; அதில் ஒரு பகுதியைப் பெருங்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியச் சாப்பாடே அதுதான். பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயத்திலும் அந்தப் பாக்டீரியாக்களுக்கான தீனி இருக்கிறது. நல்ல பாக்டீரியா என்று டப்பாவில் விற்கிற ப்ரோபயாட்டிக் பொடியைவிட எனக்கு அந்த வெங்காயத்தின் மேல்தான் நம்பிக்கை. ஒரே நாளில் சுண்டலை அள்ளிப் போட்டால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதீர்கள்.

எனக்கு மனசு பொறுக்காத விஷயம் வேறொன்று. மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வருகிற பெண்களில் பலர் கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள். காலையில் வீட்டில் எல்லாருக்கும் சமைத்துக் கட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறார்கள். கடையில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் போகிற மாதிரி இருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க அடக்க மலம் இறுகும், பிறகு மூலம் வரும். இவர்களிடம் போய் “நிறைய தண்ணி குடிங்க அக்கா” என்று எந்த முகத்தோடு சொல்வது? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். சுத்தமான கழிப்பறையையும் அதே கண்டிப்போடு கேட்டு வாங்க வேண்டும். பள்ளிக்கூடங்களிலும்தான்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது: இவற்றில் எது இருந்தாலும் என் கடைக்கு வராதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள்.